மெல்பர்னின் மேற்கில் ஆதரிக்கத் தகுந்த அணி: வெஸ்டர்ன் புல்டாக்ஸ்

மெல்பர்னின் மேற்குப் புறநகர்களில் குடியேறி, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் எந்த அணியின் பக்கம் நிற்பது என்று யோசிப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஃபுட்ஸ்கிரேயின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியையே. 1925-இல் விக்டோரிய மாநிலக் கால்பந்து லீக்கில் சேர்ந்த இக்கழகத்தை 1989-இல் ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைக்க முடிவானபோது, ஆதரவாளர்கள் வீடுவீடாகச் சென்று பணம் திரட்டி அதைக் காப்பாற்றினார்கள். ஓர் அணி தன் ஊருக்கு எவ்வளவு சொந்தமானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? வெற்றிகளை மட்டுமே தேடுவோருக்கு இவ்வணி உகந்ததன்று: 1954-க்குப் பின் ஆடவர் அணிக்கு அடுத்த கோப்பை 2016-இல்தான் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு ஏழாம் இடத்திலிருந்து இறுதிச்சுற்றுகளுக்குள் நுழைந்து, கடைசியில் சிட்னியை வீழ்த்தியதும், காயத்தால் ஆட முடியாமற்போன அணித்தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தம் பதக்கத்தை அவருக்கு அணிவித்ததும் இக்கழகத்தின் பண்பை நன்கு காட்டுகின்றன. குறை என்று சொன்னால், ஆடவர் அணியின் சொந்த மண் ஆட்டங்களில் பெரும்பாலானவை ஃபுட்ஸ்கிரேயில் அல்லாமல் டாக்லண்ட்ஸ் அரங்கில் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே புதியவர்கள், 2018-இல் கோப்பை வென்ற மகளிர் அணியின் ஆட்டத்தை ஃபுட்ஸ்கிரேயிலேயே உள்ள விட்டன் ஓவல் மைதானத்தில் முதலில் பார்க்கலாம். மேற்கு ஃபுட்ஸ்கிரே ரயில் நிலையத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.