911 மைய மேலாளர் யாரிடம் பேசுவது? நான்கு வகைக் குழுக்கள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் அவசர உதவி அழைப்புகளை எடுக்கும் 911 மையங்களில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பவர்களின் மனச்சுமையைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். மேலாளரின் சுமை வேறு மாதிரியானது. மூச்சு நின்ற குழந்தைக்காகத் தாய் கதறும் அழைப்பை டிஸ்பாட்ச்சர், அதாவது அழைப்பை எடுத்து உதவியை அனுப்பும் ஊழியர், ஒரு முறை கேட்கிறார். மேலாளர் அதே பதிவைத் தர ஆய்வுக்காக ஒரு முறை, வழக்கறிஞருக்காக ஒரு முறை, பத்திரிகைக்காரர்கள் கேட்டால் கொடுக்கலாமா என்று பார்க்க இன்னொரு முறை கேட்கிறார். அழைப்பை எடுத்தவர்மீது நடவடிக்கை எடுப்பதா என்று முடிவு செய்வதும் அவர்தான். அறையில் இருக்கும் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். மேலே இருப்பது ஷெரீஃப் என்ற காவல் தலைவரோ கவுன்டி (மாவட்ட) நிர்வாகமோ. இடையில் பேச ஆள் இல்லை.

மையத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற சகபணியாளர்களைக் கொண்ட ஆதரவுக் குழு முதல் வகை. ஊழியர்களுக்கு இதைவிட நல்லது இல்லை: நள்ளிரவிலும் ஆள் கிடைக்கும், வேலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேலாளருக்கோ இது பொருந்தவே பொருந்தாது. ஆறுதல் சொல்ல வரும் ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் அவரே. இவர் மனம் திறந்தால் கேட்பவருக்குச் சங்கடம்; திறக்காவிட்டால் இவருக்குப் பயனில்லை. இந்தக் குழுவுக்கு மேலாளர் செய்ய வேண்டியது ஷிப்டில் இடம் ஒதுக்குவது. அழைப்புகளில் 90 சதவீதத்தை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்கிறது 911 துறையின் தேசியச் சங்கமான நேனாவின் தரநிலை. மாற்று ஆள் போடாமல், பேசுவதற்காக இரண்டு பேரை கன்சோலிலிருந்து (அழைப்பு எடுக்கும் மேசையிலிருந்து) எழுப்பினால் அந்தக் கணக்கு உடனே சரியும். அடுத்த முறை யாரும் எழுந்து போக மாட்டார்கள். யார் போனார்கள், என்ன பேசினார்கள் என்று மேலாளர் கேட்கவே கூடாது. ஒரே ஒரு முறை கேட்டாலும் குழு செத்துவிடும்.

இரண்டாவது, போலீஸ், தீயணைப்புத் துறைகளோடு சேர்ந்து வட்டார அளவில் இயங்கும் நெருக்கடிக் குழு. பெரிய சம்பவம் நடந்த ஒன்றிரண்டு நாளில் எல்லோரையும் உட்கார வைத்து, ஏழு கட்டங்களாகப் பேச வைப்பார்கள். ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வெளியிட்ட முறை இது. ஒரே அமர்வில் நடக்கும் இத்தகைய கூட்டம் பிற்கால மனஅதிர்ச்சி நோயைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்று 2002இல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அந்தச் சோதனைகள் தனிநபர்களிடம் நடந்தவை, பழகிய அணிகளிடம் அல்ல என்பது ஆதரவாளர்களின் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் யாரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கக் கூடாது. மேலாளருக்கு வேறு சிக்கலும் இருக்கிறது. அவர் சுமை ஒரே சம்பவத்தால் வந்ததல்ல. ஆள் பற்றாக்குறையும் கட்டாய ஓவர்டைமும் புகார் விசாரணைகளும் மாதக்கணக்கில் சேர்ந்து வந்தது. அதே அறையில் "வண்டி ஏன் தாமதமாகக் கிளம்பியது" என்று நேற்று கடிதம் எழுதிய அதிகாரியும் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாவது, ஊழியர் நலத் திட்டத்தில் கிடைக்கும் மனநல ஆலோசகர். இது குழுவே அல்ல என்றாலும் ஒப்பீட்டில் விடமுடியாது. ரகசியக் காப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. உரிமம் பெற்ற ஆலோசகரிடம் சிகிச்சையில் சொன்னதைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1996இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சக மேலாளரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு தானாக வருவதில்லை. மாநிலச் சட்டங்களும் ஆளுக்கொரு விதம். குறை என்னவென்றால், 911 வேலை தெரியாத ஆலோசகருக்கு அதைப் புரியவைப்பதிலேயே முதல் அமர்வு போய்விடும். தூக்கம் கெட்டாலும், குடி கூடினாலும், உயிரை விடும் எண்ணம் வந்தாலும் குழுவுக்குக் காத்திருக்காமல் ஆலோசகரிடம்தான் போக வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது நான்காவதை: வெளியூர் மேலாளர்கள் மட்டுமே சேர்ந்த சிறு வட்டம். ஆறு முதல் எட்டுப் பேர், மாதம் ஒரு முறை, 75 நிமிடம். உங்கள் மையம் படுத்துவிட்டால் அழைப்புகள் திருப்பிவிடப்படும் மையத்தின் மேலாளரைச் சேர்க்காதீர்கள். அவரும் நீங்களும் நாளை ஒரே வழக்கில் சாட்சிகளாக நிற்க நேரலாம். ஆறு கன்சோல் மையத்தையும் அறுபது கன்சோல் மையத்தையும் கலக்க வேண்டாம். சிறிய மையத்தின் மேலாளர் ஆள் வராத இரவில் தானே ஹெட்செட் மாட்டுகிறார், மற்றவர் பட்ஜெட் கூட்டத்தில் இருக்கிறார். ஆட்களைத் தேட நேனா, இன்னொரு துறைச் சங்கமான ஆப்கோ ஆகியவற்றின் மாநிலக் கிளைகள் உதவும். நேனாவின் மைய மேலாளர் சான்றிதழ் வகுப்பில் உடன் படித்தவர்கள் இன்னும் நல்ல தொடக்கம்.

இந்த வட்டங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் கெடுகின்றன: பேச்சு மென்பொருள் விற்பனையாளர், சம்பள விகிதம், ஓவர்டைம் விதி என்று நழுவும். அது பயனுள்ள பேச்சுதான், ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. முதல் 15 நிமிடத்தை அதற்கென்றே கொடுத்து மூடிவிடுங்கள். அடுத்து ஆளுக்கு ஐந்து நிமிடம், குறுக்கீடு இல்லாமல். மீதி நேரம் அன்று மிகவும் கனத்திருப்பவருக்கு. அறிவுரை அவர் கேட்டால் மட்டுமே. கூட்டத்தை நடத்துபவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒருவரே ஆண்டுக்கணக்கில் நடத்தினால் அவர் பேச இடமே இருக்காது.

ரகசியத்தைப் பொறுத்தவரை கறாராக இருங்கள். அழைப்புப் பதிவை ஒலிக்கவிடக் கூடாது. நடப்பு வழக்கின் விவரங்களைத் தொடக் கூடாது. அது உங்கள் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று பேசலாம். குறிப்பு எழுத வேண்டாம். அரசு மின்னஞ்சலில் உள்ளவை பொது ஆவணமாகக் கேட்கப்படலாம். தனிப்பட்ட கணக்கும் முழுக் காப்பு அல்ல: அலுவல் விஷயமாயின் சொந்தக் கணக்கில் அனுப்பியதும் பொது ஆவணமே என்று 2017இல் சான் ஹொசே வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழைப்பிதழில் நேரத்தை மட்டும் எழுதுங்கள். வீடியோவில் கூடினால், தானாக உள்ளே வந்து எழுத்தாக்கும் குறிப்பெடுப்புச் செயலிகளை முதல் நிமிடத்திலேயே வெளியேற்றுங்கள். தற்கொலை ஆபத்து, குழந்தை வதை போன்றவற்றில் ரகசியம் செல்லாது என்பதை எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் இன்னொருவரின் மையத்தில் வேலைக்கு விண்ணப்பித்தால், அன்றே இருவரில் ஒருவர் விலகிவிட வேண்டும்.

நூற்றுக்கணக்கானோர் சேரும் மாநில அளவிலான திறந்த குழுக்களும் உண்டு. கொள்கை மாதிரி கேட்க நல்லவை, மனம் திறக்க அல்ல.

வட்டத்தோடு ஓர் ஆலோசகரையும் பேசி வையுங்கள். காலாண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும். கூட்ட நேரத்தில் மையத்தின் பொறுப்பை எழுத்து மூலம் துணை மேலாளரிடம் ஒப்படையுங்கள். எந்த நிலைமைகளில் மட்டும் உங்களை அழைக்கலாம் என்று இரண்டையோ மூன்றையோ அவரிடம் சொல்லிவிட்டு, அலுவலகக் கைப்பேசியை அறைக்கு வெளியே வையுங்கள்.