லைவ்ல கேக்டஸ் செட் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு வாங்குங்க

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட், சுத்துவட்டாரத்துல செடி வளக்குறவங்க எல்லாரும் கொஞ்சம் நின்னு படிங்க. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி லைவ் வீடியோவுல செடி விக்கிற ஒருத்தர்கிட்ட 12 வகை கேக்டஸ், சக்குலண்ட் (தண்ணிய சேத்து வைக்கிற சதைப்பத்துச் செடி) செட்டு ஒண்ணு வாங்குனேன், 168 வெள்ளி, போஸ்டேஜ் தனி. எங்க தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்வாசல்ல காலையில பத்தரை வரைக்கும்தான் வெயில், அதுக்கப்புறம் வீட்டு நிழல் விழுந்துடும், அத நான் லைவ்லயே எழுதி கேட்டேன். அவரு "அக்கா கவலைப்படாதீங்க, பன்னெண்டும் பாதி வெயில் செடிதான், சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாரு. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இத எழுதுறேன், காசுக்காக இல்ல.

அந்த செட்ல முக்கோணமா நிமிந்து நிக்கிற செடி ஒண்ணு, ஓரத்துல எல்லாம் முள்ளு, சின்னச் சின்ன இலை, லேபிள்ல 'கேக்டஸ்'னு மட்டும் எழுதியிருந்தது. வரும்போதே ஒரு கிளை ஒடிஞ்சிருந்தது. எங்கம்மா அத தொட்டிக்கு மாத்துறேன்னு தூக்குனாங்க, ஒடிஞ்ச எடத்துலேர்ந்து வெள்ளையா பால் வடிஞ்சு விரல் இடுக்குல எல்லாம் எறங்கிடுச்சு. அம்மா முப்பது வருசம் தோட்டத்துல பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுனவங்க, கையில பால் படுறது அவங்களுக்கு புதுசே இல்ல, காஞ்சா ஒட்டுப்பால் மாதிரி உருட்டி எடுத்துடலாம்னு கைலி ஓரத்துல தொடச்சிட்டு அதே கையால முகத்து வேர்வைய வழிச்சிட்டாங்க. அஞ்சு நிமிசம் ஆகல, கண்ணத் தொறக்க முடியல, "மொளகாய அரைச்சு வச்ச மாதிரி எரியுதும்மா"ன்னு கத்துறாங்க. குழாயத் தொறந்து விட்டு கால்மணி நேரம் கழுவுனோம், கிளினிக் போனோம், அங்கேர்ந்து ஈப்போவுக்கு அனுப்பிட்டாங்க. கருவிழி மேல புண்ணாயிடுச்சு, சொட்டு மருந்து போட்டு பத்து நாளைக்கு மேல இருட்டு ரூம்ல உக்காந்திருந்தாங்க. இப்ப பார்வை தெளிஞ்சிடுச்சு, கடவுள் புண்ணியம்.

அது கேக்டஸே இல்ல, யூஃபோர்பியா. நம்ம தமிழ்ல சப்பாத்திக்கள்ளியையும் கள்ளின்னு சொல்றோம், சதுரக்கள்ளியையும் கள்ளின்னு சொல்றோம், ஆனா சப்பாத்திக்கள்ளிதான் நிஜ கேக்டஸ், அமெரிக்கா பக்கத்துலேர்ந்து வந்தது. சதுரக்கள்ளி யூஃபோர்பியா, ஊர்ல பெரியவங்க பயந்து பேசுற கள்ளிப்பால் இந்த ஜாதிதான். பால்மரமும் இதே குடும்பம்தான், ஆனா பால்மரத்துப் பால் அம்மா கைய ஒரு நாளும் எரிச்சதில்ல, அதான் அவங்க ஏமாந்து போனாங்க. வித்தியாசம் பாக்கணும்னா முள்ளோட அடியப் பாருங்க, கேக்டஸ்ல பஞ்சு மாதிரி ஒரு சின்ன திட்டு இருக்கும், அதுக்குள்ளேர்ந்துதான் முள்ளு வரும், இந்த முக்கோணச் செடியில பஞ்சு இருக்காது, தண்டு ஓரத்துலயே முள்ளு ரெண்டு ரெண்டா நிக்கும்.

மத்த செடிங்களும் அப்படித்தான். குட்டி உருண்டை ஒண்ணு மேல மஞ்சப் பூவோட வந்தது, மழை நேரத்துல மூடிக்கும், வெயிலடிச்சா விரியும், உயிரோட இருக்குன்னே நம்பிட்டேன். ஒரு மாசமா வாடலயேன்னு இழுத்துப் பாத்தா க்ளூ கன்னால ஒட்டுன காஞ்ச ஸ்ட்ராஃப்ளவர், அந்தப் பூ காஞ்சாலும் ஈரம் பட்டா மூடிக்கும். செடித் தலையில முள்ளெல்லாம் பசையில மூழ்கி கருத்துப் போச்சு. தொட்டி மேல போட்டிருந்த கலர் கல்லும் ஒட்டுனதுதான், கடலை மிட்டாய் மாதிரி ஒரே தட்டா பேந்து வந்தது, ஊத்துன தண்ணி அதுல வழிஞ்சு வெளிய ஓடியிருக்கு, உள்ள போனது காயவே இல்ல. அடியில வெறும் கோக்கோபீட் (தேங்கா நார்த் தூள்), வேர் அழுகி நாத்தம். நீல கலர் ஹாவோர்தியான்னு குடுத்தது ஸ்ப்ரே பெயிண்ட், நடுவுல புதுசா வர்ற இலை பச்சையா வந்ததும்தான் தெரிஞ்சது.

செகப்பு உருண்டை வச்ச மூன் கேக்டஸ் ஏமாத்து இல்ல, ஆனா அத 'அரிய வகை, பல வருசம் நிக்கும்'னு சொன்னது பொய்யி. அந்தச் செகப்புல பச்சையமே கிடையாது, கீழ இருக்குற ட்ராகன் பழத் தண்டு சோறு போட்டாதான் மேல உள்ளது உயிரோட இருக்கும், பெரும்பாலும் சில வருசத்துல முடிஞ்சிடும். கோல்டன் பேரல் முழு வெயில் கேக்குற செடி, பாதி வெயில்ல தலை வெளுத்து கூம்பா நீளுது. எச்செவேரியா ரெண்டு, ரெண்டும் கேமரன் மலைக் குளிர்ல வளந்த மாதிரி ரோஸ் கலர்ல இருந்தது, நம்ம கீழ்நாட்டுச் சூட்டுல ராத்திரியும் வேகுறதால ஒரே மாசத்துல பச்சையாகி கழுத்து நீண்டுடுச்சு. பாதி வெயில்ல நெசமா வளர்றது ஹாவோர்தியா, காஸ்டீரியா, ரிப்சாலிஸ், அப்புறம் சான்சிவேரியா, அதுவும் கரட்டு மணல், பியூமிஸ் (ஓட்டை ஓட்டையா இருக்குற எரிமலைக் கல்லு), கொஞ்சம் சேக்காம் பாக்கார் (கருக்குன உமி) கலந்து, மழை நேரா விழாத எடத்துல வச்சா. பன்னெண்டுல எனக்குத் தேறுனது காஸ்டீரியாவும் ரிப்சாலிஸும் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக் கார்டையும் போட்டோவையும் அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்தது, மறுநாள் பிளாக் பண்ணிட்டாரு. நான் விடல. பயனீட்டாளர் திரிபியூனல்ல புகார் போட்டிருக்கேன், ஃபீஸ் அஞ்சே வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயர் வேணாம். காசு அனுப்புன ரசீது, லைவ்ல அவரு பேசுன ஸ்கிரீன் ரெக்கார்டிங், செடி போட்டோ எல்லாத்தையும் வச்சுக்குங்க. இதே மாதிரி செட்டு வாங்குனவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நான் ஃபாரம் எழுத உதவி பண்றேன்.

போன வாரம் அதே குரல் வேற பேர்ல லைவ் போட்டு அதே முக்கோணச் செடிய வித்துக்கிட்டு இருந்தது. உங்க வீட்ல அது இருந்தா இன்னிக்கே பிள்ளைங்க கை எட்டாத எடத்துக்கு மாத்துங்க, வெட்டுனாலும் தொட்டி மாத்துனாலும் கையுறை போடுங்க, பால் கண்ணுல பட்டா தேய்க்காம ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, செடிய ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு.