ஹூகல் ‘ஜான்ட்டி’: காரச் சாப்பாட்டோடு பல வருடப் பழக்கம்

பிரெஞ்சு ஒயின் குடித்துப் பார்க்கலாமா, எதில் தொடங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஒன்றுதான்: பிரான்சின் கிழக்கில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் ஹூகல் குடும்பம் தயாரிக்கும் ‘ஜான்ட்டி’. மஞ்சள் லேபிள் ஒட்டிய, ஒல்லியான உயரப் பாட்டில். நான் வாங்கும் கடையில் 15 யூரோவுக்குள் கிடைக்கிறது. அதே பகுதியின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் குடியிருக்கும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பல வருடங்களாக அதற்கென்று ஓர் இடம் உண்டு.

இது ஒரே திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் அல்ல. அல்சாஸில் லேபிளில் ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட்டால் உள்ளே முழுக்க அதுதான் இருக்க வேண்டும். ஜான்ட்டி அப்படியில்லை, அது ஒரு கலவை. ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி, மஸ்கட் ஆகிய உயர்ரகத் திராட்சைகள் குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. மீதிக்கு சில்வானர், பினோ பிளான் மாதிரி எளிய ரகங்கள். திராட்சைகளைக் கலப்பது அல்சாஸின் பழைய வழக்கம். அது மங்கிப்போயிருந்தபோது 1990களின் தொடக்கத்தில் ஹூகல் குடும்பம் மீண்டும் கையிலெடுத்தது.

குடிக்கும்போது என்ன தெரிகிறது என்றால், மூக்கருகே கொண்டுபோனதும் கெவுர்ஸ்ட்ராமினரின் பன்னீர் வாசனையும் கொஞ்சம் லிச்சிப் பழ வாசனையும் வரும். இனிப்பாக இருக்கப்போகிறது என்று நினைத்து ஒரு வாய் குடித்தால், ரீஸ்லிங்கின் புளிப்பு வந்து நாக்கைச் சுத்தமாக்கிவிடும். வாசனை ஒன்று, சுவை வேறு. முதல்முறை குடிப்பவர்கள் முகத்தில் அந்த ஆச்சரியத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் இது நிலைத்துவிட்டதற்கு முக்கியக் காரணம் சாப்பாடு. மிளகாய்க் காரத்தோடு கனமான சிவப்பு ஒயின் சேரவே சேராது. அதிலுள்ள துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தின் எரிச்சலைக் கூட்டிவிடும். மீன் குழம்போடு என்றால் வாயில் இரும்புச் சுவைகூடத் தட்டும். ஜான்ட்டியில் துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆல்கஹாலும் மிதம்தான். மிளகு போட்ட நண்டு வறுவல், இறால் தொக்கு, இஞ்சி பூண்டு தூக்கலான கோழி எல்லாவற்றோடும் இது ஒத்துப்போகிறது. நண்டு உடைத்துத் தின்னும்போது வாய் முழுக்க மசாலா ஏறியிருக்கும் அல்லவா, அந்த நேரத்தில் ஒரு மிடறு குடித்தால் நண்டுச் சதையின் மெல்லிய இனிப்பு திரும்பவும் தெரிய ஆரம்பிக்கும். தேங்காய்ப்பால் சொதியோடும் அருமை. புளி அதிகமான வத்தக்குழம்போடு மட்டும் வேண்டாம். அந்தப் புளிப்புக்கு முன்னால் ஒயின் தண்ணீராகிவிடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனையே வராது. 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். திறந்த பாட்டிலை மூடி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சில சமயம் வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளவென்று ஏதோ கிடக்கும். பயப்பட வேண்டாம், அது திராட்சையின் புளிப்பமிலம் குளிரில் படிகமானது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

ஹூகல் குடும்பம் கோல்மார் பக்கத்திலுள்ள ரிக்வீர் கிராமத்தில் 1639 முதல் இருக்கிறது. மேற்கே வோஜ் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அந்தப் பகுதியில் வெயில் அதிகம், திராட்சை நன்றாகப் பழுக்கும். 1715இல் செய்த, சேன்ட் கத்ரீன் என்று பெயரிட்ட மர பீப்பாய் ஒன்று அவர்களிடம் உண்டு. அல்சாஸ் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்த காலத்தையும் தாண்டி ஒரே குடும்பம் ஒரே ஊரில் இதே தொழிலை நடத்திவந்திருக்கிறது. ஜான்ட்டிக்கு அவர்கள் சுற்றுவட்டார விவசாயிகளிடமிருந்தும் திராட்சை வாங்குகிறார்கள். இருந்தாலும் விலை குறைந்த பாட்டில்தானே என்ற அலட்சியம் அதில் தெரியாது. வருடத்துக்கு வருடம் வாசனை கொஞ்சம் முன்பின் மாறும், தரம் இறங்கி நான் பார்க்கவில்லை.

ஜான்ட்டி பழகிய பிறகு இவர்களுடைய சாதாரண ரீஸ்லிங்குக்குப் போங்கள். எலுமிச்சை மாதிரி நறுக்கென்று, இனிப்பே இல்லாமல் இருக்கும். வறுத்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கெவுர்ஸ்ட்ராமினர் வாசனை தூக்கலானது, ஒரு டம்ளருக்கு மேல் எனக்குத் திகட்டிவிடும். கொடியிலேயே நன்றாகக் கனியவிட்டுத் தாமதமாகப் பறித்துச் செய்யும் இனிப்பு ஒயின்களும் உண்டு. அந்த வகைக்கான 1984ஆம் ஆண்டு சட்டம் உருவாக முன்நின்றவர் இதே குடும்பத்து ஜான் ஹூகல். விலை அதிகம், விசேஷத்துக்கு மட்டும் வாங்கலாம்.

ஜான்ட்டியை அலமாரியில் பல வருடம் பதுக்கி வைக்காதீர்கள். வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் வெள்ளை ஒயின்களின் லேபிளில் இனிப்பு அளவைக் குறிப்பிட வேண்டும். இந்த ஊர் ஒயின் எதை வாங்கினாலும் முதலில் அதைப் பாருங்கள். ‘செக்’ என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது, ‘மொவல்லே’ என்றால் நன்றாக இனிக்கும்.