இரண்டு லோடுகளுக்கு நடுவே ஃப்ளாரன்ஸ்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு செங்கோட்டையில். ஓணம் நெருங்கிவிட்டால், காலை ஏலத்தில் தொடங்கி, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் கடைசி லாரி கிளம்பும்வரை சிட்டை எழுதி மாளாது. ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே ஐந்து நிமிடம் மிஞ்சினால் உண்டு. "சித்தி, உங்களுக்கு இதுதான் சரிப்படும்" என்று அக்கா மகள் போனில் ஏற்றிக் கொடுத்தது 'ஃப்ளாரன்ஸ்'. அவள் சொன்னது சரி.

மெல்பர்னைச் சேர்ந்த மவுண்டன்ஸ் என்ற சிறு நிறுவனம் 2018இல் வெளியிட்ட விளையாட்டு. 25 வயது ஃப்ளாரன்ஸுக்கும் செல்லோ வாசிக்கும் கிருஷுக்கும் வரும் காதல், தொட்டு நகர்த்தும் படக்கதையாக விரிகிறது. 20 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். பேச்சு மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் தடையில்லை. ஒருமுறை பணம் கட்டினால் போதும், விளம்பரம் குறுக்கிடாது. "நேற்று ஏன் வரவில்லை" என்று நச்சரிக்கவும் செய்யாது.

ஃப்ளாரன்ஸும் கணக்குப் பார்க்கிறவள். ஒரே எண்களை இணைசேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அலுப்பு என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும்.

பேச்சைக் காட்டியிருக்கும் விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. முதல் சந்திப்பில் அவள் சொல்ல வேண்டியது பல துண்டுகளாகக் கிடக்கிறது. பொருத்தினால்தான் வாய் திறக்கிறாள். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. சண்டை வரும்போது அவற்றின் விளிம்புகள் கூராகிவிடுகின்றன, வேகமாகப் பொருத்தியாக வேண்டும். வெளியே தக்காளிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் மளமளவென்று பொருத்தி அவனைப் பேசவிடாமல் செய்துவிட்டேன். பிறகு வெகுநேரம் மனம் ஆறவில்லை.

கிருஷ் குடிவரும்போது அவன் சாமான்களுக்கு இடம் வேண்டும். அலமாரியிலிருந்து அவளுடைய எந்தப் பொருளை எடுத்து ஒதுக்கி வைப்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த அலமாரியை அவசரமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எப்படி ஆடினாலும் கதை மாறாது. மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குள்தான். நீண்ட விளையாட்டை எதிர்பார்ப்பவர்களுக்கு இது போதாது. எனக்கு இந்த அளவே நிறைவு. ஆனால் பிற்பாதியை மட்டும் வேலை நடுவே திறக்காதீர்கள். நான் திறந்திருந்த நேரத்தில் லோடு ஏற்றும் தம்பி வந்து, "அக்கா, முருங்கைக்காய் எத்தனை கட்டு?" என்று கேட்டார். சிட்டை கையிலேயே இருந்தும் எண் வாயில் வரவில்லை. மீதியை இரவு வீட்டில் உட்கார்ந்து முடித்தேன்.