பழைய ஹெட் பேக்கிங்கை ஏற்காத பட்டறை: கிருஷ்ணகிரியில் ஒரு எஞ்சின் வேலை

காவேரிப்பட்டணத்தில் 796 சிசி மாருதி ஆம்னி ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அண்மையில் சில மாத இடைவெளிக்குள் அதன் எஞ்சினை இரண்டு முறை பிரிக்க வேண்டியதாயிற்று. முதலில் பிரித்தவர்கள் பழைய ஹெட் கேஸ்கெட்டையே, அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகட்டையே (மெக்கானிக்குகள் சொல்லும் ஹெட் பேக்கிங்), துடைத்துத் திரும்பப் போட்டார்கள். அடுத்து வேலை செய்த கிருஷ்ணகிரிப் பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. உரிமையாளர் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், பட்டறை ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் வேலை பிஸ்டன் ரிங் மாற்றுவதற்காக நடந்தது. ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கெட் கிழியாமல் முழுதாக வந்ததால், "நல்லாத்தான் இருக்கு, பேஸ்ட் தடவிப் போட்டுடலாம்" என்றார்கள்; எனக்கும் அது சரியென்றே பட்டது. மூன்று வாரம் கழித்துச் சேலத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டியபோது புகைக்குழாயிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது. லாரிகள் இரைந்து ஏறும் அந்தச் சாலையோரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

கிருஷ்ணகிரிப் பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, ஸ்பேனரை எடுக்கும் முன்பே நோயை உறுதி செய்துகொண்ட முறை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார்கள். நீரில் குமிழிகள் விடாமல் கிளம்பின. பிறகு சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் முதல் சிலிண்டர் சதுர செ.மீ.க்கு 12 கிலோ காட்டியது, இரண்டாவதும் மூன்றாவதும் 7 கிலோவைத் தாண்டவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான பாலத்தில்தான் கேஸ்கெட் விட்டிருக்கும் என்று மூத்த மெக்கானிக் சொன்னார். ஹெட்டை இறக்கியதும், அவர் சொன்ன அதே இடத்தில் கேஸ்கெட் கருகி அரித்திருந்தது.

ஒருமுறை இறுக்கிய கேஸ்கெட் ஏன் மறுபடி உதவாது என்பதை அவர் அந்தப் பழைய தகட்டையே கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தகடு சிலிண்டரில் எரியும் வாயு, குளிர்நீர், எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும். அந்த வாயுவின் வெப்பமோ 2000 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடியது. போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கெட்டின் மென்மையான பகுதி நசுங்கி, இரு உலோகப் பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கு ஏற்ப உருவெடுக்கிறது. அந்த நசுங்கல் ஒரே ஒரு முறைக்கானது. கழற்றிய பிறகு தகடு பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை, மறுபடி பூட்டும்போது முன்பிருந்த அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்காருவதும் இல்லை. நடுவில் எஃகுத் தகடும் இருபுறமும் கிராஃபைட்டும் கொண்ட என்னுடைய கேஸ்கெட்டில், கிராஃபைட் ஆங்காங்கே பெயர்ந்து ஹெட்டிலேயே ஒட்டியிருந்தது. முதல் பட்டறையில் தடவிய பேஸ்ட் அந்தப் பள்ளங்களை அடைத்ததே தவிர, எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. அதன் துணுக்குகள் குளிர்நீர்த் துளை ஒன்றில் சிக்கிக் கிடந்ததை எடுத்துக் காட்டினார்கள்.

புதிய கார்களில் வரும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் உறுதியாகத் தெரிவதால் அதைத் திரும்பப் போடலாமென்று பலர் நினைக்கிறார்கள். அதன் அடுக்குகளில் அழுத்தி எடுக்கப்பட்ட வரம்புகள்தாம் ஸ்பிரிங்கைப் போல் எதிர்த்து நின்று கசிவைத் தடுக்கின்றன. வெப்பத்திலும் இறுக்கத்திலும் அவற்றின் விறைப்பு தளர்ந்து, மேலிருக்கும் மெல்லிய ரப்பர்ப் பூச்சும் உரிந்துவிடுகிறது. டீசல் எஞ்சின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்பதை அளந்து அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் தேர்ந்தெடுக்க வேண்டிய எஞ்சின்கள் பல இருக்கின்றன; தகட்டின் ஓரத்திலுள்ள துளைகளோ வெட்டுகளோ அந்தத் தடிமனைக் குறிக்கும். பிஸ்டன் மாற்றிய பிறகு அதை அளக்காமல் பழையதைப் பூட்டுவது பெருந்தவறு.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருப்பதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் கிணற்று ஆயில் எஞ்சினுக்கு இருந்த செம்பு பேக்கிங்கை அப்பா மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, மீண்டும் போடுவார். இறுகிப்போன செம்பு அப்படிக் காய்ச்சினால் மறுபடி இளகும். எஃகைப் போல நீரில் தோய்த்ததும் கடினமாகாது. முழுச் செம்புத் தகட்டுக்கு அந்த வழக்கம் சரியானதே. அது அப்படியே கார்களுக்கும் தொற்றிக்கொண்டதுதான் எனக்கு நேர்ந்த தவறுக்கு வேர் என்று நினைக்கிறேன்.

பட்டறையின் மற்ற வேலைகளும் இதே அக்கறையோடு நடந்தன. நேர்க்கோல் ஒன்றை ஹெட்டின் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்ததில் 0.12 மி.மீ. வளைவு தெரிந்தது, 0.05 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாதென்பதால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்து சமப்படுத்தினார்கள். பிளாக்கின் மேற்பரப்பை உப்புத்தாள் சக்கரம் வைத்துத் தேய்க்காமல், பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் கொண்டே சுத்தம் செய்தார்கள். போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் நீரையும் காற்றடித்து வெளியேற்றினார்கள். அவை உள்ளே நின்றால் டார்க், அதாவது போல்ட்டை இறுக்கும் முறுக்குவிசையின் அளவு, பொய்யாவதோடு, சில சமயம் பிளாக்கே விரிசல் விடுமாம். மரை தேய்ந்திருந்த இரண்டு ஹெட் போல்ட்டுகளை மாற்றினார்கள். டார்க் வைத்த பிறகு மேலும் இத்தனை டிகிரி திருப்ப வேண்டுமென்று தயாரிப்பாளர் விதித்திருக்கும் எஞ்சின்களில் பெரும்பாலும் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடுவதால், அவற்றுக்கு முழுத் தொகுதியையும் புதிதாகவே போடுவார்களாம். கடைசியில் நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றுகளில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்கவும் தடை சொல்லவில்லை.

நான் எதிர்பாராத ஓர் உண்மையும் வெளிப்பட்டது. ஹெட்டின் நீர்த்துளைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போயிருந்தது, ரேடியேட்டரில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தது. நான் இத்தனை நாள் போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த தண்ணீர் எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. இப்போது கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். குளிர்நீரின் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பக் கட்டுப்படுத்தும், முன்பு யாரோ எடுத்தெறிந்திருந்த தெர்மோஸ்டாட்டும் திரும்ப அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

பில் மொத்தம் ரூ.11,400. அதில் ஹெட் கேஸ்கெட்டின் விலை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. மீதியில் பெரும்பகுதி பிரித்துப் பூட்டும் கூலியும் லேத் செலவும். முதல் முறையே அந்தத் தகட்டைப் புதிதாக வாங்கியிருந்தால் இந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுத்திருக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன், "பழசையே போடச் சொன்னீங்கன்னா வண்டியை வேற இடத்துக்குக் கொண்டு போயிடுங்க சார், நான் பொறுப்பெடுக்க முடியாது" என்று மெக்கானிக் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் முடியும் என்றது எட்டு நாளாயிற்று. லேத்தில் வரிசை நீண்டிருந்ததை அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மதிப்பீட்டை எழுதித் தரும் வழக்கமும் அங்கே இல்லை. நான் கேட்ட பிறகுதான் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார்கள். அவசர வேலை உள்ளவர்கள் தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டு போவது நல்லது. வண்டியை எடுத்தபின் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் கூலண்டும் பார்க்க வரச் சொன்னார்கள்; இரண்டு முறை போய்விட்டேன், பார்த்ததற்குப் பணம் வாங்கவில்லை. சென்ற வாரம் ஐந்து பேரோடு தொப்பூர் ஏற்றத்தைக் கடந்தபோது முள் பாதியைத் தாண்டவில்லை.