‘ஆஸ்கிரைப்’, ‘ஆட்ரிபியூட்’, ‘இம்பியூட்’: எதை எங்கே எழுதுவது?

ஒன்றை இன்னாருக்கு உரியதாகச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஆஸ்கிரைப்’, ‘ஆட்ரிபியூட்’, ‘இம்பியூட்’ என்று மூன்று வினைகள் உண்டு. அகராதியில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைக் காணும் நம் பிள்ளைகள், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறார்கள். மூன்றும் லத்தீன் வழி வந்தவைதாம். ஆனால் வேர்கள் வேறு.

‘ஆஸ்கிரைப்’ எழுத்திலிருந்து பிறந்தது. ‘ஸ்கிரிபெரே’ என்றால் எழுதுதல். ‘அட்’ என்னும் முன்னொட்டு சேரும்போது, ஒருவர் பெயரோடு சேர்த்து எழுதுதல் என்றாகும். தக்கலையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் பற்று நோட்டைப் புரட்டி, ஒரு பெயருக்குக் கீழே ‘பயறு அரைக் கிலோ’ என்று குறித்த கணமே அந்தப் பயறு அந்தப் பெயருக்கு உரியதாகிவிடுகிறது அல்லவா, அதைப் போன்றது இது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையின் மேலுள்ள தடத்தை, ஒற்றைக் காலில் தவமிருந்த பகவதியம்மனின் பாதம் என்று வணங்குகிறோம். இதை ஆங்கிலத்தில் எழுத ‘ஆஸ்கிரைப்’ பொருந்தும். தமிழில் ‘ஐதிகம்’ என்ற ஒரு சொல்லே போதும்.

‘ஆட்ரிபியூட்’ பங்கிட்டு அளித்தலிலிருந்து வந்தது. திறையைக் குறிக்கும் ‘டிரிபியூட்’ இதன் உறவு. காரணத்தையோ சான்றையோ ஆராய்ந்து சொல்லும்போது இதுவே ஏற்றது. குலசேகரம் பக்கம் ரப்பர் செழிப்பதற்குத் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் கிடைப்பதைக் காரணமாகக் காட்டுபவர் இச்சொல்லையே எழுதுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இம்பியூட்’. இதன் வேரான ‘புதாரே’ என்ற லத்தீன் வினைக்குக் கணக்கிடுதல், கருதுதல் என்னும் இரு பொருளும் உண்டு. ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லிலும் இருப்பது அதே வேர்தான். நம் ‘எண்ணு’ என்ற வினையும் அதே இரண்டு பொருளையும் தாங்கி நிற்கிறது. பைபிளின் ரோமர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில், 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘இம்பியூட்’ என்று சொல்லும் இடத்தில், குமரி மாவட்டத்துச் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் பாவத்தைக் கர்த்தர் ‘எண்ணாதிருக்கிறார்’ என்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்றைய வழக்கிலோ ‘இம்பியூட்’ பெரும்பாலும் பழியின் பக்கமே சாய்கிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைவரம்பை எட்டாதபோது, மதகைத் திறப்பவர் வேண்டுமென்றே தாமதித்தார் என்று சொன்னால், அது ‘உள்நோக்கம் கற்பித்தல்’. அந்த இடத்தில் மற்ற இரு சொற்களும் பலவீனமானவை.

ஓர் எச்சரிக்கை: ஒரு படைப்பைப் பற்றி ‘ஆட்ரிபியூட்டட் டு’ என்று எழுதினால், படைத்தவர் அவர்தானா என்ற ஐயம் அதில் ஒலிக்கும். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையைக் கணபதி ஸ்தபதி வடித்தார் என்பதில் ஐயமே இல்லை. ஆகவே அங்கே இம்மூன்றில் எதையும் எழுதாமல், ‘அவர் வடித்தார்’ என்றே எழுத வேண்டும்.