மென்பொருள் ரெய்டில் வன்தட்டு உறைந்தால்: கர்னலைக் காத்திருக்க வைப்பதா, தட்டின் முயற்சியைச் சுருக்குவதா?

என் வீட்டுச் சேமிப்பகக் கணினியில், லினக்சின் எம்டி ரெய்டில் (பல தட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் மென்பொருள் அமைப்பில்) இணைந்திருந்த மேசைக்கணினி வகை வன்தட்டு ஒன்று அவ்வப்போது பதிலளிக்காமல் உறைந்து, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் பதிவில் ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’ என்ற வரியை விட்டுச்சென்று, முடிவில் ரெய்டிலிருந்தே நீக்கப்பட்டது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு: கர்னலின் காத்திருப்பை நீட்டுவது, அல்லது தட்டின் மீட்பு முயற்சியைச் சுருக்குவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எதைச் செய்வதற்கு முன்பும் தட்டு தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழைக் கணக்கை (தரவு கேபிள் வழியே போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையை)ப் பார்த்துவிட வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கேபிளை.

சிக்கலின் வேர் இரு காலக்கெடுக்களுக்கு இடையிலான பொருத்தமின்மை. கர்னல் ஒரு கட்டளைக்கு வழக்கமாக 30 வினாடிகள் காத்திருக்கும். மேசைக்கணினித் தட்டோ, படிக்க முடியாத செக்டர் (தட்டின் சிறு சேமிப்புப் பகுதி) ஒன்றில் சிக்கினால் இரண்டு மூன்று நிமிடங்கள்கூட விடாமல் முயலும். 30 வினாடி கடந்ததும் கர்னல் இணைப்பை ரீசெட் செய்கிறது. தட்டு அப்போதும் தன் முயற்சியில் மூழ்கியிருந்தால் அதற்கும் பதில் வராது. அந்நேரத்தில் எம்டி அனுப்பும் எழுதும் கட்டளையும் தோற்றுப்போக, ஒரே செக்டரின் பழுதுக்காக முழுத் தட்டும் பழுதானதாகக் குறிக்கப்படுகிறது.

காத்திருப்பை நீட்டுவது எளிது. கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தத் தட்டுக்குரிய டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதினால் போதும். எந்தத் தட்டுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது வழிக்குத் தட்டில், பிழை மீட்பு முயற்சிக்குக் கால வரம்பு விதிக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் இதையே டிஎல்இஆர் என்று அழைக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் படிப்பதற்கும் எழுதுவதற்கும் 70 என்று அமைக்க வேண்டும். அலகு வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் அது 7 வினாடி. அதற்குள் படிக்க முடியாவிட்டால் தட்டு பிழையை ஒப்புக்கொள்கிறது. எம்டி மற்றத் தட்டுகளிலிருந்து தரவைப் பெற்று அதே இடத்தில் திரும்ப எழுதுகிறது. தேவைப்பட்டால் தட்டு அந்தச் செக்டரை மாற்றிடத்துக்கு ஒதுக்குகிறது.

180 வினாடி அமைப்பிலும் இந்தப் பழுதுபார்ப்பு நடக்கத்தான் செய்யும். ஆனால் என் தேர்வை முடிவுசெய்தது அதற்கு ஆகும் நேரம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் வழக்கமான அமைப்பில் மாதத்தின் முதல் ஞாயிறன்று ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கிறது. அப்போது ஒரு தட்டில் மோசமான செக்டர்கள் வரிசையாக எதிர்ப்பட்டால், ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கில் அந்தத் தட்டு முடங்கும்; அதை நம்பியிருக்கும் கோப்புப் பகிர்வும் தரவுத்தளமும் சேர்ந்து நிற்கும்; அவற்றின் சொந்தக் காலக்கெடுக்கள் தாண்டிவிட, பழுதே இல்லாத இடங்களிலும் பிழைகள் முளைக்கும். 7 வினாடித் தடங்கலைப் பெரும்பாலான மென்பொருள்கள் பொறுத்துக்கொள்ளும். பராமரிப்பு வேலையே சேவையை நிறுத்திவிடும் ஒழுங்கை நான் விரும்பவில்லை.

இதற்குக் குறைகளும் உண்டு. பல மலிவான மேசைக்கணினித் தட்டுகள் இந்தக் கட்டளையை ஏற்பதே இல்லை. அவற்றுக்கு 180 தவிர வேறு வழியில்லை. ஏற்கும் தட்டுகளிலும் பெரும்பாலானவை மின்சாரம் போனதும் அமைப்பை மறந்துவிடுகின்றன. நான் சொல்வது சாட்டா (வீட்டுக் கணினிகளில் வழக்கமான இணைப்பு வகை) தட்டுகளோடு பழகிய அனுபவம். சாஸ் (சர்வர்களில் பயன்படும் இணைப்பு வகை) தட்டுகளையும் வன்பொருள் ரெய்டு அட்டைகளையும் பற்றி இதே உறுதியோடு பேச மாட்டேன். ரெய்டில் சேராத தனித்தட்டுக்கு என் பரிந்துரை தலைகீழானது: அங்கே தரவுக்கு வேறு படி இல்லாததால், தட்டு முடிந்தமட்டும் முயலட்டும் என்று கர்னலின் காத்திருப்பை நீட்டுவதே சரி.

மின்சாரம் போனதும் அமைப்பை மறக்கும் தட்டுகளுக்காக நான் யூடெவ் (சாதனங்கள் இணையும்போது செய்ய வேண்டியவற்றைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். ரெய்டுக்கான தட்டு கண்டறியப்படும்போதெல்லாம் அது முதலில் 7 வினாடி வரம்பை அமைக்க முயல்கிறது. தட்டு மறுத்தால் டைம்அவுட் கோப்பில் 180 எழுதுகிறது. லினக்ஸ் தட்டுகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களையோ வரிசை எண்களையோ அந்த விதியில் குறிப்பிடவில்லை. அதனால் பழுதான தட்டைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது விதியைத் தொட வேண்டியதில்லை.